வீடு போன் எடுக்காது

இன்ரநெற் துறையில் வேலை பார்த்து, வயதுபோய் இளைப்பாறியவன் என்று என்னை யாராவது அறிமுகப்படுத்தினால், எதிரில் நிற்கிறவர் உடனே தன்னுடைய போனை என்னிடம் நீட்டிவிடுகிறார். "உது சாஜ் நிக்குதில்லை, ஒருக்காப் பாருங்கோ." எனக்கு அதெல்லாம் பார்க்கத் தெரியாது. என்னுடைய போனிலேயே சாஜ் நிற்பதில்லை.

நான் பார்த்த வேலை வேறு. வெளிநாட்டில் இருக்கிற எங்கள் சனம் காலையில் பல் தீட்ட முதல் திறந்து பார்க்கிற இணையத்தளங்கள் சில இருக்கின்றன. யார் போனது, எந்த ஊர், எப்போது பிரேதம் எடுக்கிறார்கள் என்ற விபரம் அதில் வரும். அப்படியான ஒரு தளத்தில் மரண அறிவித்தல் எழுதுகிறவனாக இருந்தேன். என் மனுசி நான் இளைப்பாறும்வரையும் சொந்தக்காரருக்கு "அவர் ஐ.ரி.யிலை" என்றுதான் சொல்லிவந்தாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. முன்னால் கொம்பியூட்டர் இருந்தது. பின்னால் மின்விசிறி இருந்தது. நடுவில் நான் இருந்தேன்.

இப்போது இதை எழுதவைத்தவள் தனுசா. நான் வேலை பார்த்த கந்தோரில், என்னுடைய கதிரையில் இன்றைக்கு இருக்கிற பிள்ளை. போன மாதம் எனக்குப் போன் எடுத்தாள்.

"அங்கிள், கந்தோரிலை ஒரு புது மெசின் வந்திருக்கு. சனம் விபரத்தைப் போனிலை அடிச்சுவிட்டா, அறிவித்தலை அதுவே எழுதித் தந்திடும்."

"நல்லது பிள்ளை. சாகிறதையும் அதுவே செய்யுமோ?"

"பகிடி விடாதேங்கோ அங்கிள். சகலனை மச்சானாக்குது. பெறாமகளை மகளோடை சேர்க்குது. இண்டைக்கு ஒரு அம்மாவுக்குப் பதினொரு பிள்ளையள் குடுத்திட்டுது. நீங்கள் எப்பிடிச் செய்தனீங்கள் எண்டு ஒருக்கா எழுதித் தாங்கோ. புதுசா வந்ததுகளுக்குக் காட்டவேணும்."

நான் எப்படிச் செய்தேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. ஞாபகம் இருப்பதை எழுதுகிறேன்.

இந்த வேலைக்கு வருமுன் நான் நல்லூரில் ஒரு கொமினிகேசன் கடை வைத்திருந்தேன். சனம் வரிசையில் நின்று வெளிநாட்டுக்குக் கதைத்த காலம் அது. பிறகு ஆளுக்கொரு போன் வந்தது. என்னுடைய கடைக்கு வந்த கடைசி வாடிக்கையாளர், மழைக்கு ஒதுங்கியவர். கடையைப் பூட்டிவிட்டு நிற்கிறபோதுதான், இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு மாடியில் இருந்த இந்தக் கந்தோரில் தமிழ் அடிக்கத் தெரிந்த ஆள் தேவை என்று கேள்விப்பட்டேன். பயிற்சி ஒரு கிழமை. இரண்டு விரலால் அடிக்கத் தொடங்கினேன். இளைப்பாறும்போதும் அதே இரண்டு விரல்தான். ஆனால் அந்த இரண்டும் நல்ல வேகம்.

கந்தோர்ச் சுவருக்கு அங்காலே ஒரு ரியூசன் வகுப்பு. மாஸ்ரர் மைக் பிடித்துப் படிப்பிப்பார். நான் இங்கே லண்டனில் அழுதுகொண்டிருக்கிற ஒருவரிடம் விபரம் எடுக்க, அங்காலே மாஸ்ரர் "அப்ப எக்ஸின்ரை பெறுமானம் என்ன?" என்று கத்துவார். "ஆர் அண்ணை எக்ஸ்?" என்று ஒருவர் அழுகைக்கு நடுவில் என்னிடம் கேட்டதும் உண்டு.

வேலை என்னவோ நாலு வரிதான். எங்கே பிறந்தவர், எங்கே இருந்தவர், யாருடைய பிள்ளை, யாருடைய கணவர் அல்லது மனைவி, யாருடைய தாய் தகப்பன், சகோதரங்கள், பேரப்பிள்ளைகள், எப்போது எடுக்கிறார்கள். ஆனால் எங்கள் ஆட்கள் நாலு பேருடைய முதல் வரியை வாசித்தாலே தலை சுற்றும். கரவெட்டியில் பிறந்து, கொழும்பில் இருந்து, வன்னிக்குப் போய், சென்னையில் நின்று, பிரான்சில் வதிந்து, லண்டனில் காலமாகியிருப்பார். யாழ்ப்பாணத்து முஸ்லிம் குடும்பங்களிலிருந்து வருகிறவை இன்னொரு விதம். தொண்ணூறாம் ஆண்டில் ஊரைவிட்டு விரட்டப்பட்டுப் புத்தளத்தில் அரைவாசி ஆயுள் கழிந்திருக்கும். அறிவித்தலில் முதல் சொல் யாழ்ப்பாணமாகத்தான் இருக்கும். அவர்கள் அன்றைக்கே அடக்கிவிடுவார்கள் என்பதால் அவர்களுடைய அறிவித்தல் எது வந்தாலும் மற்றதையெல்லாம் நிற்பாட்டிவிட்டு முதலில் போடவேண்டும். இது நாங்கள் "மடம்" என்று கூப்பிடுகிற எங்கள் பொறுப்பாளர் அம்மா போட்ட சட்டம்.

படம் இன்னொரு தலையிடி. எழுபது வயதுக்காரருக்குத் திருமணப் படம் அனுப்புவார்கள். இல்லையென்றால் பிறந்தநாள் கேக் ஊட்டுகிற படம் வரும். கேக் ஊட்டுகிற கையை வெட்டி எடுக்கவேண்டும். "அப்பாவுக்கு ஒரு கோட் போட்டுவிடுங்கோ" என்று கேட்பார்கள். எங்களிடம் ஒரேயொரு நீலக் கோட் படம்தான் இருந்தது. கழுத்துக்கு மேலே ஆள் மாறும், கோட் மாறாது. இந்தக் குடாநாட்டில் வெயிலுக்கு மேல்சட்டையே போடாமல் திரிந்த எத்தனையோ பேர் கடைசியில் அந்த ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டுதான் போனார்கள்.

இன்ரநெற் தொழிலைப் பற்றி என்னிடம் அபிப்பிராயம் கேட்டால் சொல்லுவேன்: அதில் எல்லாம் வேகம்தான், வேறொன்றும் இல்லை. எங்களுக்குப் போட்டியாக இன்னும் இரண்டு தளங்கள். செத்தவீட்டுக்கு முதலில் போகிறவன் மாதிரி, அறிவித்தலை முதலில் போடுகிறவனுக்குத்தான் ஆட்கள் வருவார்கள். ஆட்கள் வந்தால் விளம்பரம் வரும். ஒருவருடைய மறைவுச் செய்திக்குப் பக்கத்திலேயே "அள்ளிச் செல்லுங்கள்" என்று ஒரு நகைக்கடை மின்னி மின்னி எரியும். அதை நிற்பாட்டச் சொல்லி நானே ஒருமுறை கேட்டேன். "உங்கடை சம்பளம்தான் மின்னுது" என்றார்கள். பிறகு எனக்கும் அது வடிவாகத் தெரியத் தொடங்கிவிட்டது.

இந்த வேகத்தால் வந்த ஒரு சம்பவம்.

நான் சேர்ந்த புதிதில் அறிவித்தலைச் சரிபார்க்கிற பழக்கம் எதுவும் கிடையாது. வந்ததா, போடு. ஒருநாள் பிரான்சிலிருந்து மருமகன் ஒருவர் மாமாவின் அறிவித்தலை அனுப்பியிருந்தார். ஊர் அளவெட்டி. போட்டோம். மத்தியானம் போன் அடித்தது.

"நீங்கள் இண்டைக்கு அளவெட்டியிலை ஒரு ஆளைப் போட்டிருக்கிறியள் என்ன?"

"ஓம் ஐயா. அவர் உங்களுக்கு என்ன முறை?"

"நான்தான் அவர்."

நாக்கில் பழகின சொல் தானாக வரும். "ஆழ்ந்த அனுதாபங்கள் ஐயா" என்றேன்.

"அதை விடும். இளைப்பாறிய தபாலதிபர் எண்டு ஏன் போடேல்லை? சும்மா பேரை மட்டும் போட்டிருக்கிறீர். நான் என்ன றோட்டாலை போனவனோ?"

"மன்னிக்கவேணும் ஐயா…"

"படமும் பிழை. உது என்ரை தம்பி. அவனும் உயிரோடைதான் இருக்கிறான். இஞ்சை பக்கத்திலை நிண்டு சிரிக்கிறான்."

நடந்தது இதுதான். ஆஸ்பத்திரியில் வைத்தியர் வேறெதற்கோ தலையை ஆட்டியிருக்கிறார். அதை யாரோ போனில் சொல்ல, பிரான்சில் இருந்த மருமகன் எல்லோருக்கும் முந்திவிடவேண்டும் என்று எழுதி அனுப்பிவிட்டார். எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை இது. பாசத்தில் முந்துகிற பிழை.

அன்றைக்குப் பின்னேரம்தான் சிவகௌரி மடம் சட்டம் போட்டார். அவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையில் அப்பால் போக ஏலாது.

என்னைவிடப் பத்து வயது குறைந்தவர். முன்பு கணிதம் படிப்பித்தவர். கந்தோருக்குப் பொறுப்பு. ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. ஏசினால் நாங்களும் ஏதாவது சொல்லித் தப்பலாம். அவர் "ம்ம்" என்பார். குட்டை "ம்ம்" என்றால் சரி. நீட்டு "ம்ம்ம்" என்றால் எழும்பிப் போய்த் திருத்திக்கொண்டு வரவேண்டும். எது பிழை என்று சொல்லமாட்டார். நான் சில நாட்களில் சரியாக இருந்ததையும் திருத்திக்கொண்டு போயிருக்கிறேன்.

அறிவித்தலைத் திரையில் பார்க்கமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு "வாசியுங்கோ பாலா அண்ணை" என்பார். நான் சத்தமாக வாசிக்கவேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் "இவர் இருக்கிறாரோ?" என்று கேட்பார். இருக்கிறார் என்றால் தலை ஆட்டுவார். இல்லை என்றால் பேனை மூடியால் மேசையில் ஒரு தட்டு. எனக்கு அது பழகி, கலியாண வீடுகளில் சாப்பாட்டுப் பந்தியில் இருக்கிற முதியவர்களைப் பார்த்தாலும் காதுக்குள் தட்டுச் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. அவர்களும் என்னைக் கண்டால் இலையை மடித்துவிட்டு எழும்புவார்கள்.

மடம் போட்ட சட்டம் மூன்று வரி. செத்தவீட்டுக்கு நாங்கள் போன் எடுக்கவேண்டும். அங்கே நிற்கிற இரத்த உறவு ஒருவருக்கு முழு அறிவித்தலையும் வாசித்துக் காட்டி, சரி என்று கேட்கவேண்டும். அப்படிச் சரி என்று சொன்னவரின் பெயர், முறை, இலக்கம் மூன்றையும் அறிவித்தலின் அடியில், "தொடர்புகளுக்கு" என்ற இடத்தில் முதலாவதாகப் போடவேண்டும்.

"ஏன் மடம், அவையின்ரை பேர்?" என்று கேட்டேன்.

"நாளைக்கு ஒராள் உயிரோடை வந்து நிண்டா, ஆர் சொன்னது எண்டு சனத்துக்குத் தெரியவேணும். நாங்கள் சொன்னது எண்டு இருக்கப்படாது."

இந்தச் சட்டத்தால் நாங்கள் மற்றத் தளங்களுக்குப் பின்னால்தான் போடுவோம். முதலாளிமார் கொழும்பிலிருந்து எடுத்துப் புறுபுறுப்பார்கள். மடம் அவர்களுக்கும் "ம்ம்" என்பார்.

இனி, தனுசா, நீ கட்டாயம் எழுதச் சொன்ன விசயம். எங்கள் கந்தோரில் இதைப் பாதி பாதியாக எல்லோரும் சொல்லுவார்கள். முழுவதும் தெரிந்தவர்கள் இரண்டு பேர், மடமும் நானும்.

ஒருநாள் காலமை ரொறன்ரோவிலிருந்து ஓர் அறிவித்தல் வந்திருந்தது. கரவெட்டியில் பிறந்து கரவெட்டியிலேயே இருந்த அன்னபூரணம் என்ற அம்மா. அனுப்பியவர் மூத்த மகன் குகதாசன். எனக்கு வேலையே வைக்காத அறிவித்தல்; எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தார். பிள்ளைகள் மூன்று பேர்: ரொறன்ரோவில் இவர், சுவிஸில் ஒரு தம்பி, நோர்வேயில் ஒரு தங்கை. அடுத்த நாள் காலமை எடுக்கிறார்கள். தொடர்புக்குத் தன்னுடைய இலக்கமும், "வீடு" என்று போட்டு உள்ளூர்க் கைத்தொலைபேசி இலக்கம் ஒன்றும் தந்திருந்தார்.

வீட்டுக்கு எடுத்தேன். ஒரு பெண்குரல். பின்னால் பந்தல் கம்பு இறக்குகிற சத்தம்.

"வணக்கம் பிள்ளை. மரண அறிவித்தல் விசயமாக் கதைக்கிறன். அன்னபூரணம் அம்மாவின்ரை வீடுதானே?"

"ஓம் அண்ணை."

"குறை நினைக்காதேங்கோ, கேக்கவேண்டியதைக் கேக்கிறன். அம்மா எப்ப காலமானவ?"

"விடியப்புறம். தேத்தண்ணி பருக்கினனான். விழுங்கேல்லை."

"நீங்கள் அம்மாவுக்கு என்ன முறை?"

"மகள்."

நான் திரையைப் பார்த்தேன். மகள் என்று இருந்தது ஒரே ஒருவர்தான். என்னுடைய மூளை வேகமாக வேலை செய்கிற நேரங்களில்தான் எனக்கு ஆபத்து.

"நோர்வேயிலையிருந்து எப்ப வந்தனீங்கள் பிள்ளை?"



"நான் ஒரு இடமும் போகேல்லை அண்ணை. இஞ்சைதான் இருக்கிறன்."

பக்கத்து மாஸ்ரர் அந்த நேரம் பார்த்து மைக்கில் "விளங்கினதோ பிள்ளையள்?" என்று கேட்டார். எனக்கு விளங்கியது.

ஆனால் சட்டம் சட்டம்தானே. முழுவதையும் வாசித்துக் காட்டவேண்டும். வாசித்தேன். ஊர், தாய் தகப்பன், கணவர் எல்லாம் வந்தது. "பாசமிகு தாயாரும்" என்ற இடத்துக்கு வந்ததும் என் குரல் தானாக இறங்கிவிட்டது.

"நிப்பாட்டாதேங்கோ அண்ணை, வாசியுங்கோ" என்றார் அவர்.

மூன்று பெயரையும் வாசித்தேன். மருமக்கள், பேரப்பிள்ளைகள், சகோதரங்கள் எல்லாம் முடித்தேன்.

"எல்லாம் சரி. கெதியாப் போடுங்கோ. கொழும்பிலையிருந்து வாற ஆக்கள் பஸ் ஏறவேணும்."

"உங்கடை பேர் என்ன பிள்ளை?"

"யசோதா."

"உங்கடை பேர் இதிலை இல்லையே."

"அது இராது அண்ணை. நான் இவரைக் கட்டினதோடை என்னை விட்டிட்டினம். அப்பா போகேக்கையும் போடேல்லை. அம்மா படுக்கையிலை விழுந்தாப்பிறகு பாக்க ஆள் இல்லை. நாங்கள்தான் வந்து நிண்டனாங்கள். எனக்குப் பழகிப்போச்சு. என்ரை மகள்தான் காலமை தொடக்கம் போனும் கையுமா இருக்கிறாள், அம்மம்மாவின்ரை அறிவித்தல் வந்திட்டுதோ எண்டு. வந்தா வாசிப்பாள். அவளுக்கு என்ன சொல்லுறது எண்டுதான் தெரியேல்லை."

யாரோ பாய் எங்கே என்று கேட்டார்கள். அவர் வைத்துவிட்டார்.

நான் திரையில் மூன்று பெயருக்கும் பிறகு யசோதா என்று அடித்தேன். அந்த ஒரு சொல்லை அடிக்கிற வேகத்தில் எனக்கே என்னைப் பிடித்துப்போனது. பெரிய நியாயவான் மாதிரி எழும்பி மடத்திடம் போனேன்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நாலாவது பெயர் வந்ததும் திறந்தார்.

"உது வந்ததிலை இருந்ததோ?"

"இல்லை மடம்." நடந்ததைச் சொன்னேன். கொஞ்சம் கூட்டியும் சொன்னேன்.

"எடுங்கோ அதை."

"மடம், அந்தப் பிள்ளைதான் கடைசி வாய்த் தண்ணி…"

"அறிவித்தல் குடுத்தவையின்ரை. இண்டைக்கு நீங்கள் நியாயத்துக்கு ஒரு பேர் சேர்ப்பியள். நாளைக்கு வேறை ஒருத்தர் காணிப் பங்குக்கு ஒரு பேர் சேர்க்கச் சொல்லுவார். எடுங்கோ."

நியாயவான் போய்க் கதிரையில் இருந்து பெயரை அழித்தார்.

"பாலா அண்ணை," என்றார் மடம் பின்னாலிருந்து. "வீட்டிலை அறிவித்தலைக் கேட்டு, சரி எண்டு சொன்னது ஆர்?"

"யசோதா."

"என்ன முறை?"

"மகள்."

"அப்ப அடியிலை முதலாவதா என்ன வரும்?"

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் மற்றொரு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடித்தேன்: யசோதா – மகள் (கரவெட்டி). குட்டையாக ஒரு "ம்ம்" கேட்டது. "மகனுக்கு எடுத்துச் சொல்லிப்போட்டுப் போடுங்கோ. சொல்லாமல் போடக்கூடாது."

ரொறன்ரோவுக்கு எடுத்தேன். குகதாசன் நல்ல மரியாதையாகத்தான் தொடங்கினார். யசோதாவின் பெயரைக் கேட்டதும் குரல் மாறியது.

"அவள் எங்கடை குடும்பத்திலை இல்லை அண்ணை. அந்தப் பேர் ஒரு இடத்திலையும் வரப்படாது."

மடம் வந்து போனை வாங்கி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மேசையில் வைத்தார்.

"தம்பி, நான் கந்தோர்ப் பொறுப்பாளர் கதைக்கிறன். வீட்டிலை நிக்கிற வேறை இரத்த உறவு ஆரும் இருந்தாச் சொல்லுங்கோ. அவைக்கு எடுக்கிறம்."

"மாமாவின்ரை மகன், மச்சான் ஒருத்தர் நிப்பார்."

அவருடைய இலக்கத்தை வாங்கி எடுத்தோம். சவப்பெட்டி எடுக்கப் போய் றோட்டில் நின்றார். "நான் இன்னும் வீட்டை போகேல்லை. யசோதா சொல்லித்தான் எனக்கும் தெரியும். அவவிட்டைக் கேளுங்கோ" என்றுவிட்டு வைத்தார். மடம் திரும்பவும் ரொறன்ரோவுக்கு எடுத்தார்.

"தம்பி, குறை நினைக்கக்கூடாது. அம்மா காலமானது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"



"அவள்தான் போன் எடுத்துச் சொன்னவள்."

"அப்ப நீங்களும் அவவின்ரை சொல்லை நம்பித்தானே அறிவித்தல் தந்தனீங்கள்."

"அக்கா, நான் மற்றத் தளத்திலை குடுக்கிறன். அவங்கள் உப்பிடி ஒண்டும் கேக்கமாட்டாங்கள்."

"குடுக்கலாம் தம்பி. அது உங்கடை விருப்பம். நாங்கள் இப்பிடித்தான் போடுவம்."

நான் மடத்தைப் பார்த்தேன். அப்படிச் சொல்லி எத்தனை பேரை நாங்கள் இழந்திருக்கிறோம் என்று எனக்குத் தெரியும். ஆனால் ரொறன்ரோக்காரர் போனை வைக்கவில்லை. எங்களுடைய தளத்தைத்தான் அவருடைய ஊர்ச்சனம் முழுக்கப் பார்க்கிறது என்பது அவருக்கும் தெரியும்.

"சரி. நம்பரைப் போடுங்கோ. பேர் வேண்டாம். வீடு எண்டு மட்டும் போடுங்கோ. நான் அப்பிடித்தானே தந்தனான்."

"வீடு போன் எடுக்காது தம்பி. எடுக்கிறது ஒராள். அந்த ஆளுக்குப் பேர் கிடக்கு, முறை கிடக்கு."

இதைச் சொல்லும்போதும் அவருடைய குரல் கணிதம் சொல்லிக்கொடுக்கிற மாதிரித்தான் இருந்தது.

"என்னவெண்டாலும் போடுங்கோ" என்றார் குகதாசன். வைத்துவிட்டார்.

போட்டோம். மேலே மூன்று பிள்ளைகள், அவர் தந்தபடியே. அடியில் முதலாவதாக, யசோதா – மகள். வாசிக்கிறவர்களுக்கு மேலே மூன்று, கீழே இருப்பவரையும் சேர்த்தால் நாலு. கணக்குப் பிழைக்கிற இடத்தை எங்கள் சனம் கண்டுபிடிக்க அதிக நேரம் எடுக்காது.

அன்றைக்குப் பின்னேரம், அங்கே அவர்களுக்கு விடிந்திருக்கும், குகதாசன் திரும்பவும் எடுத்தார். மடம் வெளியே போயிருந்தார்.

"அண்ணை, வீட்டு நம்பர் ஒரே எங்கேஜ். நாளைக்குக் கிரியையை எங்களுக்கு வீடியோவிலை காட்டுறதைப் பற்றிக் கதைக்கவேணும். கிடைக்குதேயில்லை. கண்ட கண்ட ஆக்களெல்லாம் எடுக்கினம் போலை. அந்த நம்பரை எடுத்துவிடுங்கோ."

"எடுக்கிறதெண்டா உறுதிப்படுத்தின ஆளிட்டைக் கேட்டுத்தான் எடுக்கவேணும் தம்பி. நீங்கள் யசோதாவுக்கு எடுத்து ஒருக்காச் சொல்லுங்கோ."

"அதுதான் எங்கேஜ் எண்டு சொல்லுறனே!"

"தொடர்ந்து எடுங்கோ. கிடைக்கும்."

எனக்கு அப்போது சிரிப்பு வந்தது. ஆனால் போனில் சிரிக்கக்கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். அவர் வைத்த பிறகு நான் களவாக யசோதாவின் இலக்கத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தேன். மெய்தான். எங்கேஜ். அவுஸ்திரேலியாவிலும் ஜேர்மனியிலும் லண்டனிலும் இருந்து சித்தப்பாமார், பள்ளிக்கூடச் சிநேகிதிகள், பக்கத்து வீட்டுக்காரர் என்று யார் யாரோ எடுத்துக்கொண்டிருந்திருக்கவேண்டும். செத்தவீட்டுக்கு வேறு இலக்கம் யாருக்கும் தெரியாது. துக்கம் சொல்லுவதென்றால் அவரிடம்தான் சொல்லவேண்டும். "நீ நிண்டு பாத்தனியாம்" என்று சொல்லவேண்டும். கரவெட்டியில் ஒரு பெண் ஒரு கையால் செத்தவீட்டு வேலையும் மறுகையால் போனுமாக நின்றதை நான் பார்க்கவில்லை. ஆனால் அந்த எங்கேஜ் சத்தத்தைக் கேட்டேன். இடையில் எப்படியோ தமையனுக்கும் கிடைத்திருக்கவேண்டும். அறிவித்தலில் இலக்கத்தை எடுக்கச் சொல்லி அவர் பிறகு கேட்கவில்லை.

ஒரு மாதம் போனது. எங்கள் ஆட்கள் முப்பத்தோராம் நாளுக்கு இன்னொரு அறிவித்தல் போடுவார்கள். அந்தியேட்டிக் கிரியைக்கு அழைப்பும், வந்தவர்களுக்கும் போனில் துக்கம் சொன்னவர்களுக்கும் நன்றியும். ரொறன்ரோவிலிருந்து வந்தது. அனுப்பியவர் குகதாசன். பிள்ளைகள் வரிக்கு வந்தேன். நாலு பெயர். நாலாவது யசோதா. பேரப்பிள்ளைகள் வரியில் ஒரு புதுப் பெயரும் இருந்தது.

சட்டப்படி கரவெட்டிக்கு எடுத்தேன். முதலாம் அடியிலேயே எடுத்தார்.

"ஓம் அண்ணை, சொல்லுங்கோ."

வாசித்தேன். இந்தமுறை என்னுடைய குரல் வடிவாக இருந்தது. மனுசிக்குக் கேட்டிருந்தால் வானொலியில் சேர்த்துவிட்டிருப்பாள். நாலு பெயரையும் நிதானமாக வாசித்தேன். அங்காலே அழுகை வரும் என்று காத்திருந்தேன். உள்ளதைச் சொல்லுகிறேன், நன்றி வரும் என்றும் கொஞ்சம் காத்திருந்தேன்.

"பொறுங்கோ அண்ணை. உதென்ன, என்னைக் கடைசியிலை போட்டிருக்கு?"

"என்ன பிள்ளை?"

"நான் ரெண்டாவதெல்லோ. அண்ணைக்கு அடுத்தது நான். பிறகுதான் சுவிஸ் தம்பி. நோர்வேக்காரி எல்லாத்துக்கும் கடைசி. பிறந்த ஒழுங்கிலை போடவேண்டாமோ? உப்பிடிப் போட்டாச் சனம் என்ன நினைக்கும்?"

"அது அண்ணை தந்தபடி…"

"அவரிட்டை எடுத்துக் கேளுங்கோ. மாத்தாமல் போடாதேங்கோ. நான் சரி சொல்லமாட்டன்."

ரொறன்ரோவுக்கு எடுத்தேன். அங்கே படுக்கிற நேரம். சொன்னேன். குகதாசன் ஒரு பெருமூச்சு விட்டார்.

"சின்னனிலையும் உவள் உப்பிடித்தான் அண்ணை. ஒண்டையும் விட்டுத்தரமாட்டாள். மாத்திப் போடுங்கோ. இல்லாட்டி இப்ப எனக்கெல்லோ எடுத்துப் பேசுவாள்."

நான் பெயரை இரண்டு இடம் மேலே ஏற்றினேன். மடம் கண்ணை மூடிக்கொண்டு, "வாசியுங்கோ பாலா அண்ணை" என்றார்.